தார் பாலைவனத்தின் தண்ணீர்க் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஜெய்சல்மேர் பயணக் கட்டுரை தார் மக்களை 'வானம் பார்த்துக் காத்திருப்பவர்கள்' என்று எழுதியிருந்தது. ஒட்டகம், தலைப்பாகை, மணல்மேட்டு அஸ்தமனம் எல்லாம் இருந்தன. அந்த ஊர்க்காரர்கள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இடத்தில் தலைமுறைகளாகக் குடும்பம் நடத்த வெறும் பொறுமை போதாது. கணக்கு வேண்டும், அது அவர்களிடம் இருக்கிறது.

பார்மேர், ஜோத்பூர் பக்கத்துக் கிராமங்களில் வீட்டருகிலோ வயலிலோ 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டியைப் பார்க்கலாம். பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு, ஃபுளோரைடும் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் மழைநீர்தான். 3 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி சுமார் 21,000 லிட்டர் கொள்ளும். 6 பேர் உள்ள வீட்டில் ஆளுக்குத் தினம் 9 லிட்டருக்கு மேல், ஓராண்டு முழுக்க வரும்.

தொட்டி கட்டுவது இதில் பாதி வேலைதான். அதைச் சுற்றியுள்ள 'ஆகோர்' என்ற மழை வாங்கும் தரையில்தான் சூட்சுமம். 100 அடிக்கு 2, 3 அடி சரிவு கொடுத்து, கிராவல், குளத்து வண்டல், சாம்பல் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குவார்கள். சரிவு குறைந்தால் நீர் மண்ணிலேயே சுவறிவிடும். கூடினால் தரையை அரித்துச் சேற்றோடு இறங்கும். பரப்பை மோசமான ஆண்டை வைத்தே முடிவு செய்ய வேண்டும். 150 மில்லிமீட்டர் மட்டும் பெய்து, அதில் மூன்றில் ஒரு பங்கு ஓடி வந்தால் சதுர மீட்டருக்கு 50 லிட்டர். 21,000 லிட்டருக்கு 420 சதுர மீட்டர் ஆகோர் தேவை. ஆடு மாடு ஏறாமல் முள்வேலி, நீர் நுழையும் வாயில்களில் வலை, எதிர்ப்புறம் உபரிநீர் வழி, அடியில் வண்டல் தங்க ஒரு குழி, மேலே வெளிச்சம் புகாத மூடி. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும். மழைக்கு முன் ஆகோரைக் கூட்டிப் பெருக்கி, முளைத்த செடிகளை வேரோடு பிடுங்க வேண்டும். விட்டால் வேர் சுவரைப் பிளக்கும். கோடையிலும் தொட்டியை ஒட்ட வறளவிடக் கூடாது; பூச்சு காய்ந்து வெடிக்கும்.

ஜெய்சல்மேர் பக்கம் மணலுக்கடியில் ஜிப்சம் படிவம் ஓடும் இடங்களில் வேறு முறை. மணல் குடித்த மழை உப்பு நீரோடு சேராமல் அந்தப் படிவத்தின் மேல் ஈரமாக நிற்கும். அதுவரை ஓர் ஆள் உட்கார்ந்து வெட்டும் அகலத்தில் 'குஈன்' தோண்டி, மணல் சரியாமல் புல்கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி உட்சுவர் அமைப்பார்கள். ஊறுவது நாளுக்குச் சில குடம்தான். இந்திரா காந்தி கால்வாய் வந்தபின் இதே போன்ற கெட்டிப் படிவங்கள் பாசன நீரைக் கீழே விடாமல் தேக்கி, பல வயல்களை உவராக்கின.

ஜெய்சல்மேர் அருகே ஆளில்லாமல் கிடக்கும் குல்தரா கிராமத்துக்குப் போகிறவர்களிடம் பேய்க் கதைதான் சொல்கிறார்கள். அந்த ஊரை விட்டுப் போன பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டு முதல் வளர்த்த 'கடீன்' முறையை யாரும் காட்டுவதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். நம் கண்மாய் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: பாறைச் சரிவின் அடியில் நீண்ட மண்கரை, ஒரு கலிங்கு, ஒரு மடை. வித்தியாசம், பயிர் கரைக்கு உள்ளேயே விளைகிறது. ஒரு பங்கு வயலுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சரிவு நீர் தர வேண்டும். மழைக்காலத்தில் தேங்கிய நீர் வற்றியதும், வற்றாவிட்டால் மடை திறந்து வடித்ததும், நவம்பரில் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பாசனம் கிடையாது, ஈரமே போதும், வண்டலே உரம். கரைக்கடியில் கசியும் நீர் உப்பையும் கொண்டு போய்விடும்.

இதையெல்லாம் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. மேக்வால் போன்ற சாதியினரைப் பொதுக் கிணற்றிலிருந்து ஒதுக்கிய ஊர்கள் உண்டு. குடம் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் சரிவு நிலத்தைக் காக்காமல் நீர் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ராயிகாக்கள் ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் 'ஓரண்' என்ற கோயில்காடுகளில் குளங்களும் அவற்றின் வரத்து நிலங்களும் அடங்கும். பல ஓரண்கள் அரசுப் பதிவேட்டில் 'தரிசு' என்று கிடப்பதால் சூரிய மின் நிலையங்களுக்குப் போகின்றன. ஓரண்களை வரைபடமிட்டுக் காடாக அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 18 அன்று ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. நீலகிரி கூடலூர் மரங்களுக்காக 1995இல் தொடுத்த கோதவர்மன் வழக்கில் வந்த உத்தரவு என்பதை நம் வாசகர்கள் அறிய வேண்டும்.

பெங்களூருக்கு ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவதில் 80 சதவீதம் பிடித்தாலும் 72,000 லிட்டர், மூன்று டாங்காவுக்கு மேல். 2009 முதல் இங்கே மழைநீர் சேகரிப்பு பல வீடுகளுக்குக் கட்டாயம். குழாயும் தொட்டியும் இருக்கின்றன; நம் ஆகோரான மாடிதான் புறாக் கழிவும் சிமெண்ட் தூளுமாகக் கிடக்கிறது. வடிகட்டி அடைத்துக்கொள்ள, குழாயைக் கழற்றிச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் மாதமே மாடியைச் சோப்பு, பினாயில் இல்லாமல் கழுவுங்கள். வடிகட்டியின் ஜல்லியை வெளியே எடுத்து அலசிப் போடுங்கள். முதல் 2 மில்லிமீட்டர் மழை, அதாவது 100 சதுர மீட்டருக்கு 200 லிட்டர், தொட்டிக்குள் போகாதபடி தனி வால்வு வைத்து வெளியே விடுங்கள். அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு