லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவை மேடையேற்றுபவர்களுக்கு

அரங்க நிர்வாகிகளுக்கும், ஒலி அமைப்பாளர்களுக்கும், கச்சேரியைப் படம்பிடிப்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். இந்தப் பாடகர் குழுவினரின் கால்களை மறைக்காதீர்கள்.

தென்னாப்பிரிக்காவின் லேடிஸ்மித் ஊர்க்காரரான ஜோசப் ஷபலாலா, 1960-களில் வளர்த்தெடுத்த குழு இது. பக்கவாத்தியம் கிடையாது, தொண்டையும் பாதமும்தான். இவர்கள் பாடும் இசிகத்தமியா, சுரங்கத்திலும் ஆலையிலும் பிழைப்பு தேடி வந்த ஜூலு இன ஆண்களின் விடுதிகளில் வளர்ந்த இசை. வாரம் முழுக்க உடம்பு நோக உழைத்துவிட்டு, சனிக்கிழமை இரவு விடிய விடியப் போட்டி போட்டுப் பாடுவார்கள். காவலர்கள் காதில் விழக்கூடாதென்று நுனிக்காலில் ஆடப் பழகினார்கள் என்று இந்தக் குழுவினரே சொல்வதுண்டு.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, பின்வரிசை வாங்கிப் பாடுகிறது. பாடிக்கொண்டே கால் தலைமட்டத்துக்கு எழும்புகிறது. ஓங்கி மிதிக்கப் போகிறார்கள் என்று பார்த்தால், பாதம் சத்தமே இல்லாமல் தரையில் வந்து அமர்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே நொடியில்! அதைப் பார்க்காதவர்கள் பாதிக் கச்சேரியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் மேடை விளிம்பில் நீங்கள் வரிசையாக ஸ்பீக்கர்களை அடுக்கிவிட்டால், முன்வரிசைக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. கேமராவும் முகத்தை விட்டு இறங்குவதில்லை. அப்புறம், பாஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியை ஏற்றாதீர்கள். குழுவில் பெரும்பாலோர் கீழ்க்குரல்காரர்கள். ஏற்றினால் தனித்தனிக் குரல்கள் கலந்து வெறும் இரைச்சலாகிவிடும். ஜூலு பாடல்களின் பொருளையும் நிகழ்ச்சித் தாளில் நாலு வரி அச்சிடுங்கள்.

இன்னொன்று. அறிமுகப்படுத்தும்போது 1986-இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனுடன் பாடியதிலிருந்தே கதையைத் தொடங்காதீர்கள். 1973-இலேயே 'அமாபுத்தோ' ஆல்பத்தால் சொந்த நாட்டில் கொடிகட்டியவர்கள் இவர்கள். 1993-இல் மண்டேலா நோபல் பரிசு வாங்க ஆஸ்லோ போனபோது கூடப் போய்ப் பாடியவர்கள். ஷபலாலா 2020-இல் காலமானார். அவருடைய மகன்கள் இன்றும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

ஒத்திகையின்போது முதல் வரிசை நாற்காலியில் ஒரு பாட்டு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். பாதம் தெரியவில்லையென்றால் ஸ்பீக்கர்களைப் பக்கவாட்டுக்கு நகர்த்திவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகர்