வைக்கோலில் வளரும் பொதி உழவில் சேராதா?

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் காளான் கூடத்துக்குக் கூடுதல் மின்சுமை கேட்டு நாங்கள் கொடுத்த விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறது. காளான் வளர்க்கும் வரை அது வேளாண்மை என்றும், அதே வைக்கோலை அச்சில் அடைத்து, பொருள் உடையாமல் வைத்து அனுப்பும் பொதிப்பெட்டியைக் காளான் பூஞ்சையின் இழையால் வளர்த்தால் அது உற்பத்தித் தொழில் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொழில் என்று ஒப்புக்கொண்டு விண்ணப்பித்தால், குடியிருப்பை ஒட்டிய கூரைக் கொட்டகைக்கு ஆலை அனுமதி தர இயலாது என்று அடுத்த மேசையில் சொல்கிறார்கள்.

கொட்டகைக்குள் நடப்பதை ஒருமுறை நேரில் பார்த்திருந்தால் இந்தப் பிரிவினை தோன்றியிருக்காது. வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, இரவு முழுக்க ஊற வைத்து, டிரம்மில் வேக வைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத பதத்தில் சிப்பிக் காளான் வித்தைத் தூவுகிறோம். இதுவரை காளானுக்கும் பொதிக்கும் ஒரே வேலைதான். பையில் அடைத்தால் காளான். உள்ளே வைக்கும் பொருளின் வடிவத்தில் குழி விழும்படி செய்த அச்சில் அடைத்தால் பொதி. நாலாம் நாள் பஞ்சு போல வெண்ணிழை ஓடத் தொடங்கும். அந்த இழை தன் நொதிகளால் வைக்கோலின் நார்ப்பொருள்களான லிக்னினையும் செல்லுலோஸையும் உடைத்துத் தின்று, இறாலின் ஓட்டில் இருக்கும் அதே கைட்டினையும், குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியையும் கொண்டு தன் உடலைக் கட்டிக்கொள்கிறது. துண்டு வைக்கோல்களை இறுகப் பிணைப்பதும் அந்த இழைதான். ஒரு சொட்டுப் பசைகூட நாங்கள் சேர்ப்பதில்லை. இரண்டு வாரத்தில் அச்சைத் தட்டினால் வெள்ளைக் கட்டியாகக் கையில் வந்து விழும். அப்போதே சீரான சூட்டில் உலர்த்தி இழையின் வளர்ச்சியை நிறுத்திவிட வேண்டும். கூடுதல் மின்சுமை கேட்பது இந்த உலர்த்தும் பெட்டிக்காகத்தான்.

சென்ற ஐப்பசியில், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்யும் ஒருவர் தெர்மாகோலுக்கு மாற்றாக எங்களிடம் 140 பொதிகள் கேட்டிருந்தார். எங்களுக்கு வந்த முதல் பெரிய வேலை அது. கட்டிகள் நன்றாக வளர்ந்து நின்ற வாரத்தில் அடைமழை பிடித்துக்கொண்டது. வெயில் இல்லை. உமி அடுப்பின் மேல் தட்டு வைத்துக் காய வைத்துப் பார்த்தோம்; வெளிப்புறம் கருகியது, உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் கொட்டகையைத் திறந்தபோது, சில கட்டிகளின் விளிம்பில் காளான் மொட்டுகள் கிளம்பியிருந்தன. மற்றவற்றில் பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. குழுவின் ஒன்பது பெண்களும் பேச்சில்லாமல் அவற்றைக் கூடைகளில் அள்ளி எருக்குழியில் கொட்டினோம். உலர்த்தும் பெட்டி சுவரோரம் துணி போர்த்தி நின்றது. அதை வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்டி வருகிறோம். அதை இயக்க மின்சாரம் மட்டும் இல்லை. பொம்மைக்காரர் குறை சொல்லவில்லை. மறுபடி தெர்மாகோல் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பண்ணைக் கழிவில் பூஞ்சையை வளர்த்துப் பொதியோ பலகையோ செய்வதை, காளான் வளர்ப்பைப் போலவே வேளாண் சார்ந்த பணி என்று எழுத்தில் அறிவியுங்கள். மானியம் கேட்கவில்லை. பெயர் கேட்கிறோம்; பெயர் இருந்தால் இணைப்பு கிடைக்கும்.

இது முன்னுதாரணம் இல்லாத கோரிக்கையும் அல்ல. தென்னை நார்க்கழிவை மட்க வைக்கச் சிப்பிக் காளான் வித்தை இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்து வருகிறது. அதை யாரும் தொழிற்சாலை வேலை என்று சொன்னதில்லை. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய எக்கோவேட்டிவ் என்ற நிறுவனம் இதே முறையில் பொதி வளர்த்தது; டெல் நிறுவனம் தன் கணினிக் கருவிகளை அதில் வைத்து அனுப்பியது. அங்கே மக்காச்சோளத் தட்டையில் செய்ததை இங்கே வைக்கோலில் செய்யக் கூடாதா?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு இந்த மாநிலம் 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தது. ஆயினும் எங்கள் வாய்க்கால் மதகில் ஒவ்வொரு மழைக்கும் வெள்ளை வெள்ளையாகத் தெர்மாகோல் துண்டுகள் வந்து அடைத்துக்கொள்கின்றன. அவற்றை அள்ளிப் போடுவதும் நாங்கள்தான். குறுவை அறுத்த வயலைத் தாளடிக்குத் தயார் செய்ய நாள் போதாமல், மழையில் நனைந்த வைக்கோலை மாடும் தின்னாது என்பதால், தீ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீ வைக்காதே என்று அவர்களுக்கு அறிவுரை சொல்லப்படுகிறது. அந்த வைக்கோலுக்கு ஒரு விலை கிடைக்கும் வழியை நாங்கள் காட்டினால், எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறீர்கள். பத்து மாதமாக இந்தக் கேள்விக்கு நாங்களே பதில் தேடி அலைகிறோம். தேட வேண்டியவர்கள் தாங்கள் அல்லவா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எருக்குழியில் கொட்டிய கூடைகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

தங்களில் ஒருவராவது கொட்டகைக்கு வந்து பார்க்க வேண்டும். மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: பூஞ்சைப் பொதி வளர்ப்பை வேளாண் சார்ந்த பணியாக அறிவித்து ஓர் ஆணை இடுங்கள். வரும் குறுவை அறுவடைக்கு முன் அது வந்துவிட்டால், அந்த மழைக்குப் பெட்டி ஓடும். பொம்மைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்புக் குழுவின் தலைவி,
காவிரி டெல்டா