வலியும் மூச்சின் அளவும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடுத்த மாதம் உனக்கும் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று அறிந்தேன். ஓதுவதாலும் இசை கேட்பதாலும் வலி குறைகிறது என்பது உண்மைதானா என்று கேட்டிருந்தாய். எனக்கு மூட்டு மாற்றி எட்டு மாதங்கள் ஆகின்றன, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மருத்துவர் எழுதித் தந்த வலி மருந்தை நான் ஒரு வேளைகூட விட்டதில்லை; நீயும் விடாதே. செவிலியர் வந்து வலிக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லச் சொல்வார். பக்தியின் வலிமையைக் காட்டுவதாக நினைத்து எட்டை நான்கு என்று சொல்லிவிடாதே. வலி அடங்காவிட்டால் காலை மடக்கிப் பயிற்சி செய்ய முடியாது, மூட்டும் இறுகிவிடும்.

எனக்குப் பகலைவிட இரவுதான் கடினமாக இருந்தது. அடுத்த வேளை மருந்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கையில், கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க வலி வளர்ந்தது. இரண்டாம் இரவு, சிறுவயதில் மனப்பாடமான ஒரு துதியை உதடு மட்டும் அசையச் சொல்லத் தொடங்கினேன். நான் அப்படியொன்றும் பக்திமான் அல்லன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஓர் அடியை ஒரே மூச்சில் சொல்லி முடித்து அடுத்த அடிக்கு மூச்சை இழுக்க வேண்டியிருந்ததால், வலிக்கு அஞ்சி மேலோட்டமாக விட்டுக்கொண்டிருந்த மூச்சு தானாகவே நீண்டது. இறுகியிருந்த தொடையும் தாடையும் தளர்ந்தன. வலி போய்விடவில்லை. ஏழு ஐந்தாயிற்று, அவ்வளவுதான். அந்த ஐந்தோடு என்னால் தூங்க முடிந்தது. பிறகு பிசியோதெரபியில் காலை மடக்கிப் பத்து எண்ணச் சொன்னபோதும், எண்ணுவதற்குப் பதிலாக ஓர் அடியைச் சொல்லிக்கொண்டேன்.

வீடு திரும்பியபின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2001இல் பெர்னார்டி என்னும் இத்தாலிய மருத்துவரின் குழு, ஜெபமாலை செபத்தைச் சொன்னாலும் மந்திரத்தை உச்சரித்தாலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைவதைக் கண்டறிந்தது. அவர்கள் சோதித்தது உடல்நலம் உள்ளவர்களை. ஆகவே அதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது என்றால், 2015இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வந்த, பல சோதனைகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வைச் சொல்லலாம். 73 சோதனைகள், ஏறக்குறைய 7,000 நோயாளிகள். இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் வலி மருந்தின் தேவையும் குறைந்திருந்தன, ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறையவில்லை. எந்த இசை என்பதால் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அதில் எழுதியிருந்தார்கள். இதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. மருந்து மயக்கத்தில் புதிதாக ஒன்றைக் கவனிக்கத் தெம்பு இராது. நெடுநாள் பழகியதுதான் நாம் முயலாமலே நாவில் வந்து நிற்கிறது.

கேட்பதற்கு வேண்டியவற்றை முன்கூட்டியே கைபேசியில் பதிந்து வைத்துக்கொள்; இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டு, செவிலியர் அழைப்பது கேட்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்காக அவர் உறவினர்கள் இரவெல்லாம் கைபேசியில் உரக்கப் பக்திப் பாடல்களை ஒலிக்கவிட்டார்கள். நல்ல பாடல்கள்தாம், ஆனால் நான் கேட்க விரும்பாத நேரத்தில் அவையே எனக்கு இன்னொரு வலியாயின. அந்த நோயாளியும் அவற்றை விரும்பினாரா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. உன் வீட்டாரிடம் இதை இப்போதே சொல்லி வை.

எதை ஓதுவது என்று கேட்டிருந்தாய். விடுதியில் நாம் ஒரே அறையில் இருந்தபோது, தேர்வு நாட்களின் விடியற்காலையில் போர்வைக்குள் எதையோ முணுமுணுப்பாயே, அது இன்னும் நினைவில் இருக்கிறதா? இருந்தால் அதுவே போதும். தேதி உறுதியானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்