ஐஆர்ஆர் தெரியும், அப்பா பாலிசி தெரியாது

ஆசிரியருக்கு,

முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்ய முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான தொழில்முறைத் தகுதியோ வேண்டும் என்றிருந்ததை, பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 டிசம்பரில் தளர்த்திவிட்டது. இளநிலைப் பட்டமும், செபி தொடங்கிய பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் தேர்வுகளும் இருந்தால் இப்போது போதும். சரி, அப்படியானால் எம்.காம்., எம்பிஏ நிதி படிப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் இரண்டு வருடம் எதைத் தருகிறது?

என் மகள் எம்.காம். இரண்டாம் ஆண்டு. போன மாதம் என் எண்டோமென்ட் பாலிசியை (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) அவளிடம் நீட்டினேன். வருடம் 25,000 வீதம் 20 வருடம் கட்டினேன், கைக்கு வரப்போவது 9.5 லட்சம். கட்டியது 5 லட்சம்தானே, கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று எனக்கு ஒரே பெருமை. அவள் விழித்தாள். ஐஆர்ஆர், அதாவது போட்ட பணம் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்கிறது என்று காட்டும் கணக்கு, அவளுக்கு மனப்பாடம். ஆனால் பாடத்தில் அது எப்போதும் ஏதோ ஒரு தொழிற்சாலை வாங்கும் இயந்திரத்துக்குத்தான். அதே சூத்திரத்தை இதற்கும் போடலாம் என்று யாரும் சொல்லித் தரவில்லையாம். அப்புறம் எக்ஸெலில் போட்டுப் பார்த்தால், வருடத்துக்கு 6 சதவீதம்கூடத் தேறவில்லை! (என் பெருமை அதோடு போயிற்று.)

கடைசி செமஸ்டர் புராஜெக்ட் என்று பழைய கருத்துக்கணிப்பையே திருப்பி எழுதுவதற்குப் பதில், ஆளுக்கு ஒரு குடும்பத்தின் சம்பளம், சீட்டு, காப்பீடு, கடன் எல்லாவற்றையும் வாங்கி ஓய்வுக்காலத் திட்டம் போடச் சொல்லலாம். பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்டால், என் நகைக்கடன் ரசீதைத் தர நான் தயார்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி