ஆளுக்கொரு விடுவிப்புச் சான்று: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளி மாவட்டச் செங்கல் சூளை ஒன்றில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டு அண்மையில் பென்னாகரம் பக்கம் திரும்பிய ஒரு குடும்பத்துக்கு, விடுதலைக்கு அத்தாட்சியாக அரசு கொடுத்த விடுவிப்புச் சான்றைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுதுகிறோம். அதில் கணவர் பெயர் இருக்கிறது. அடுத்த வரியில் "மற்றும் குடும்பத்தினர்" என்று இருக்கிறது. மனைவியும் பதினைந்து வயது மகளும் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டார்கள்.

இது ஒரு சான்றில் மட்டும் நேர்ந்த கைப்பிழையாக இருந்தால் மனு எழுதித் திருத்தியிருப்போம். சூளை, கரும்பு வெட்டு, கல்குவாரி என்று எங்கிருந்து மீட்கப்பட்டு வந்தாலும், எந்த மாவட்டம் கொடுத்த சான்றாக இருந்தாலும், இதே வரி திரும்பத் திரும்ப வருகிறது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வேலை செய்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் தனிச் சான்று வேண்டும்.

மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்கான மறுவாழ்வுத் திட்டத்தின் தொகைகள் நீங்கள் அறிந்தவை. 2016 மத்திய திட்டப்படி வயது வந்த ஆணுக்கு 1 லட்சம் ரூபாய். பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம். கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்களுக்கு 3 லட்சம். 2022இல் திருத்திய பிறகு உடனடி உதவி ஒருவருக்கு 30,000 ரூபாய் வரை. மேலே சொன்ன குடும்பத்தில் மூன்று பேருக்கும் தனித்தனிச் சான்று இருந்தால் உடனடி உதவி மட்டும் 90,000 ரூபாய் வரை வரும். முழு மறுவாழ்வுத் தொகை 5 லட்சம். ஒரே சான்று என்பதால் 30,000, பிறகு 1 லட்சம். அதிகத் தொகைக்கு உரிய இரண்டு பேர்தான் கணக்கிலிருந்து விழுந்தவர்கள். பெண்ணுக்குரிய 2 லட்சத்தில் குறைந்தது 1,25,000 ரூபாயை அவர் பெயரிலேயே வைப்பாகப் போட வேண்டும், 75,000 ரூபாயை அவர் கணக்கிலேயே செலுத்த வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. பெயரே இல்லாதவருக்கு எந்தக் கணக்கில் செலுத்துவது?

இந்தத் தவறு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சூளையில் முன்பணம் ஜோடிக்கு, அதாவது கணவன் மனைவிக்குச் சேர்த்து, இவ்வளவு என்றுதான் பேசப்படுகிறது. கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. முதல் நாள் மாலை மண்ணை வெட்டித் தண்ணீர் விட்டு ஊறப்போட்டு, விடிவதற்கு வெகு நேரம் முன்பே எழுந்து மிதித்துப் பதப்படுத்த வேண்டும். ஒருவர் மண் உருட்டிக் கொடுக்க இன்னொருவர் அச்சில் அறுக்க வேண்டும். வெயில் ஏறும்போது பச்சைக் கல்லைப் புரட்டி நிறுத்துவதும், காய்ந்ததை அடுக்குவதும் பிள்ளைகளின் வேலை. ஒரு கை குறைந்தால் ஆயிரம் கல் எட்டாது. இடையில் மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த நாள் கூலி இல்லை, கடன் மட்டும் அப்படியே நிற்கும். இத்தனை பேர் உழைப்பும் சூளைக்காரரின் நோட்டில் ஒரே பெயரில், ஆணின் பெயரில் ஏறுகிறது. மீட்புக்குப் போகும் அதிகாரி அந்த நோட்டை வாங்கி, அதிலுள்ள பெயர்களைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்கிறார். முதலாளி யாரைத் தொழிலாளி என்று எழுதினாரோ அவரை மட்டும் அரசும் தொழிலாளி என்று எழுதுகிறது. முதலாளிக்கு அது செலவை மறைக்கும் வழி. அரசுக்கு அப்படி எழுத என்ன காரணம் இருக்கிறது?

விசாரணையும் அப்படியே நடக்கிறது. சூளை வாசலில், முதலாளியும், முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வரும் மேஸ்திரியும் பார்த்துக்கொண்டிருக்க, ஆணிடம் மட்டும் வாக்குமூலம். "அடிச்சாங்களா? பூட்டி வெச்சாங்களா? கூலி குடுத்தாங்களா?" வாரச் செலவுக்குக் காசு கொடுத்தார்கள் என்று அவர் சொன்னதும் பேனா நின்றுவிடுகிறது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை (ஒழிப்பு) சட்டம் அடியையும் பூட்டையும் கேட்கவில்லை. முன்பணத்தோடு, கூலி இல்லாமலோ பெயரளவுக் கூலிக்கோ வேலை வாங்குவது, வேறு வேலைக்குப் போக விடாதது, விரும்பிய இடத்துக்குப் போக விடாதது, உழைப்பையோ பொருளையோ சந்தை விலைக்கு விற்க விடாதது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசியல் சாசனத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல் சொல்லிவிட்டது. கொடுத்த முன்பணம் கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை 1976 சட்டத்தின் 15ஆவது பிரிவு கடன் கொடுத்தவர் தலையில் வைத்திருக்கிறது. படிக்காத ஒரு பெண் தன்னை அடிமை என்று நிரூபிக்கும்வரை காத்திருக்கச் சொல்லி எந்தப் பிரிவும் இல்லை.

பெயர் விடுபட்டால் பணம் மட்டும் போவதில்லை. அதே சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி கொத்தடிமைக் கடன் முழுவதும் அற்றுப்போகிறது. ஆனால் ஊருக்கே வந்து நிற்கும் மேஸ்திரிக்குக் காட்ட அந்தப் பெண்ணிடம் காகிதம் இல்லை. "உன் வீட்டுக்காரனுக்குத்தான் விடுதலை, உன் கணக்கு அப்படியே இருக்கு" என்று சொல்லி அடுத்த பருவத்துக்கு மகளை அழைத்துப் போகப் பேசுவார்கள். கணவர் இறந்தாலோ விட்டுப் போனாலோ சான்றும் அவரோடு போய்விடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு கொத்தடிமையாக வைப்பதைக் குற்றம் என்கிறது. அதற்கான நிவாரணத்தில் ஒரு பகுதியை முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே கொடுக்கலாம். சான்றில் இல்லாத பெயர் முதல் தகவல் அறிக்கையிலும் வருவதில்லை. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்து இருளர் பெண்ணும் சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணும் ஒரே வரியில் இத்தனையையும் இழக்கிறார்கள்.

மகளின் நிலை இன்னும் மோசம். குழந்தைத் தொழிலாளர் என்று எழுதினால் இன்னொரு வழக்கு, இன்னொரு அறிக்கை, இன்னொரு துறை. "பெற்றோருக்குத் துணையாக வந்தவர்" என்று எழுதினால் கோப்பு சுலபமாக முடிகிறது. அப்படி முடிந்த கோப்புகளால் எத்தனை பிள்ளைகள் திரும்பப் பள்ளிக்குப் போகாமலே போனார்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. விசாரணையைச் சூளையில் முடிக்காமல், ஆட்களை அரசுக் கட்டடத்துக்கு அழைத்து வந்து, முதலாளி தரப்பு இல்லாத அறையில், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் பெண் அலுவலர் கேட்கட்டும். கேள்விகளும் நேரடியாக இருக்கட்டும்: முன்பணம் எவ்வளவு, யார் கையில் வாங்கினீர்கள், நோட்டு யாரிடம் இருக்கிறது, ஊரில் சாவு விழுந்தபோது எல்லோரையும் அனுப்பினார்களா, யாரையாவது பிணையாக நிறுத்திக்கொண்டார்களா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்து என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்வியை மனைவியிடம் கேட்டாலே அவர் தொழிலாளியா, துணைக்கு வந்தவரா என்பது தெரிந்துவிடும். ஆதார் பெரும்பாலும் மேஸ்திரியிடம் இருக்கும். அது இல்லை என்பதற்காகச் சான்றை நிறுத்த வேண்டாம். குடும்ப அட்டையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் புகைப்படமும் கைரேகையும் போதும். பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதுங்கள். சான்றில் "மாதம்மா", ஆதாரில் "மாதம்மாள்" என்று இருந்தால் வங்கியில் பணம் திரும்பிப் போகிறது; அதைச் சரிசெய்ய வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் அலைவதிலேயே அந்தக் குடும்பம் அடுத்த முன்பணத்தை வாங்கிவிடுகிறது. கடன் செல்லாது என்ற வாக்கியத்தை ஒவ்வொரு சான்றிலும் எழுதுங்கள்.

சான்று கொடுத்தது வேறு மாவட்டம், நாங்கள் என்ன செய்வது என்று உங்கள் அலுவலர்கள் கேட்கலாம். திரும்பி வந்தவர்கள் உங்கள் மாவட்டத்து மக்கள். 1976 சட்டத்தின் 12ஆவது பிரிவு விசாரிக்கும் கடமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. ஊர் திரும்பிய வாரத்திலேயே தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வருவாய்க் கோட்ட அலுவலகங்களில் ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் பதிவு செய்து, விடுபட்ட பெயர்களுக்குச் சான்று கேட்டு அந்த மாவட்டத்துக்கு உங்கள் கையெழுத்தோடு எழுதுங்கள். நாங்கள் எழுதும் மனுவுக்கு வராத பதில் ஆட்சியர் கடிதத்துக்கு வரும். அதுவரை பசியோடு வைக்காமல் இருக்க, மாவட்ட மறுவாழ்வு நிதியில் குறைந்தது 10 லட்சம் ரூபாய் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று திட்டம் சொல்கிறது. முழுத்தொகை முதலாளி மீதான வழக்கின் போக்கோடு கட்டப்பட்டிருக்கிறது. அது வேறு சண்டை. உடனடி உதவிக்கு அந்தத் தடை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அதே சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி மாவட்டத்துக்கு ஒன்று, கோட்டத்துக்கு ஒன்று என்று கண்காணிப்புக் குழுக்கள் இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த மூன்று பேரும் சமூகப் பணியாளர் இரண்டு பேரும் அதில் இருக்க வேண்டும். அந்தக் குழு எத்தனை முறை கூடுகிறது, யார் உறுப்பினர் என்பதை ஊர் மக்கள் அறிவதே இல்லை. கொத்தடிமைக் கணக்கெடுப்புக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 4.5 லட்சம் ரூபாய் திட்டத்தில் உண்டு. ஆட்கள் சூளையில் இருக்கும் தை முதல் ஆனி வரை கணக்கெடுத்தால் பூட்டிய வீடுகளும் முதியவர்களும்தான் கிடைப்பார்கள். ஆடி முதல் ஐப்பசிக்குள் போக வேண்டும். சூளைக் கணக்கு முடிந்து ஆட்கள் ஊரில் இருக்கும் நேரமும், அடுத்த முன்பணம் கைமாறும் நேரமும் அதுதான். 2030க்குள் 1.84 கோடிக் கொத்தடிமைகளை விடுவிப்போம் என்று மத்திய அரசு 2016இல் அறிவித்தது. ஒவ்வொரு பிப்ரவரி 9 அன்றும் ஆட்சியர் அலுவலகங்களில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஒப்புதல் பெற்ற நாள் அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் 2004இல் அதே நாளில்தான். உறுதிமொழி வாசிக்கும் அலுவலர் மேசையிலேயே "மற்றும் குடும்பத்தினர்" என்று எழுதிய சான்று கிடப்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு கேட்பது இதுதான். ஆளுக்கொரு சான்று என்று நான்கு கோட்ட அலுவலகங்களுக்கும் எழுத்தில் உத்தரவு போடுங்கள். "குடும்பத்தினர்" என்று பொதுவாக எழுதிய பழைய சான்றுகள் எத்தனை கோப்பில் இருக்கின்றன என்று எடுக்கச் சொல்லி, அந்தப் பெண்களையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து வாக்குமூலம் வாங்குங்கள். வரும் ஐப்பசிக்குள், மேஸ்திரிகள் மறுபடி முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்துப் போவதற்கு முன், அவர்கள் கையில் தனிச் சான்று இருக்கும்படி செய்யுங்கள்.

இப்படிக்கு,
மீட்கப்பட்ட தொழிலாளர்களுக்கு மனு எழுதித் தரும் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்