சர்வர் நின்றால் கடிகாரமும் நிற்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ரயிலில் கடைசி நேர முன்பதிவான தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். 9.58க்கே லாகின் செய்து, பயணிகள் பெயரை எல்லாம் முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொண்டு, போனையே பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். 2024 டிசம்பர் 26ஆம் தேதி காலை அப்படி உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளத்தில் கிடைத்தது, பராமரிப்புப் பணி நடக்கிறது, பிறகு முயலுங்கள் என்ற அறிவிப்புதான். ஏசி தட்கல் திறப்பதே 10 மணிக்கு என்னும்போது அந்த நேரத்தில் என்ன பராமரிப்பு? அதே மாதம் 9ஆம் தேதியும் 31ஆம் தேதியும்கூட தளம் முடங்கியது.

கணினி என்றால் எப்போதாவது பழுதாகும், அது எனக்கும் தெரியும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளில் வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. விமானங்கள் ரத்தாயின, தாமதமாயின, ஆனாலும் நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்து முடிந்தவரை ஆட்களை ஏற்றி அனுப்பினார்கள். தட்கலில் அதற்கெல்லாம் வழியே இல்லை, ஏனென்றால் டிக்கெட்டே இன்னும் கைக்கு வரவில்லை. தளம் முக்கால் மணி நேரம் படுத்துக் கிடந்து எழுந்தால், அதற்குள் ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நின்றவர்கள் வாங்கியது போக மிச்சம்தான் நமக்கு. கவுண்டரில் நின்றவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஸ்டேஷனுக்கு 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர் என்ன செய்வார்?

வேறு ஆப்பில் போட வேண்டியதுதானே என்று சொல்வார்கள். எந்த ஆப்பில் ரயில் டிக்கெட் போட்டாலும் கடைசியில் ரயில்வேயின் அதே முன்பதிவுக் கணினிக்குத்தான் போக வேண்டும். நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்பதை ஒன்றரை லட்சமாக உயர்த்தப் போவதாக 2025இல் ரயில்வே அறிவித்தது, மிகவும் தேவையான வேலை அது. ஆனால் கூட்டம் தாங்காமல் விழுவது ஒரு வகைதான். கரண்ட் போகலாம், பணம் கட்டும் வழியான பேமெண்ட் கேட்வே நிற்கலாம், சரியாகச் சோதிக்காத அப்டேட் ஒன்றே போதும்.

அப்புறம் பணம். போன மாதம் அக்காவுக்கு ஆபரேஷன் என்று அவசரமாகச் சென்னை போக ஒரு பயண ஆப்பில் பஸ் டிக்கெட் போட்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். யுபிஐயில் பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை, சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் வேறு பஸ்ஸில் இன்னொரு முறை பணம் கட்டித்தான் கிளம்பினேன். முதலில் போன 1,150 ரூபாய் திரும்ப வர 9 நாள் ஆனது, அதற்குள் நான் எத்தனை முறை போன் செய்திருப்பேன் என்று கணக்கில்லை. இரண்டாவது முறை கட்டக் கையில் பணம் இல்லாதவர் அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருப்பார்.

யுபிஐயில் கணக்கிலிருந்து பணம் போய் கடைக்குத் தகவல் போகாவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாளுக்குள் அது தானாகத் திரும்பிவிட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. பணம் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து டிக்கெட் மட்டும் வராமல் போனாலும் இதே மாதிரி கெடுவும் அபராதமும் வேண்டும். ஐஆர்சிடிசி உட்பட எல்லோரும் டிக்கெட்டுக்குச் சேவைக் கட்டணம் என்று தனியாக வாங்குகிறார்கள். வாங்குகிற காசுக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

ரயில்வேயிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தட்கல் நேரத்தில் தளம் முடங்கினால் அந்த ஒதுக்கீட்டை உடனே எல்லா இடத்திலும் நிறுத்தி வையுங்கள். சரியானதும், இத்தனை மணிக்கு மறுபடி திறக்கிறோம் என்று எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் திறங்கள். ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் என்று 2025 ஜூலை முதல் ஆகிவிட்டதால் எங்கள் எல்லோருடைய போன் நம்பரும் உங்களிடமே இருக்கிறது. எதனால் முடங்கியது என்பதையும் ஒரு வாரத்துக்குள் தமிழிலும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தென்காசி