1997ஐ விட்டுவிட்டு ஒரு வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனின் உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் கிளப்புகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சின்ன கிளப் ஒன்றில் நானும் உறுப்பினர். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில், இது 'பணக்காரர்களின் பொழுதுபோக்கு' இல்லை. வேட்டைக்குப் போகிறவர்களை மனதில் வைத்துக் கட்டுரையாளர் அப்படி எழுதியிருக்கலாம். 1899இல் தென்னாப்பிரிக்காவில் போயர் விவசாயிகளின் (அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள்) குறிக்கு முன் பிரிட்டிஷ் படை அடிமேல் அடி வாங்கியது. நம் ஆட்களுக்குச் சுடவே தெரியவில்லையே என்ற பயத்தில் 1901இல் தொழிலாளர்களின் ரைஃபிள் கிளப்புகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். ராணுவ ரைஃபிளுக்குப் பெரிய மைதானம் வேண்டும். .22 ரைஃபிளுக்கு (குழாயின் உள்விட்டம் 0.22 அங்குலம் மட்டுமே உள்ள சின்ன ரைஃபிள்) 25 கெஜ நீளத்தில் ஒரு கூடம் போதும், தோட்டாவும் மலிவு, குளிர்கால ராத்திரியிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு சுடலாம். தொழிற்சாலை, ரயில்வே, சர்ச் ஹால் என்று கிளப்புகள் பரவியது அப்படித்தான். இதை முன்னின்று வளர்த்த லார்ட் ராபர்ட்ஸ், 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். தென்னிந்தியச் சிப்பாய்கள் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவரும் அவரே. அந்தக் கணக்கை இன்னொரு நாள் பார்ப்போம்.

தபால் லீக் பற்றியும் கட்டுரையில் ஒன்றும் காணோம். ஓர் அட்டையில் பத்து வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு குண்டு, மொத்தம் 100 புள்ளி. அவரவர் கிளப்பிலேயே படுத்துச் சுட்டு, அட்டையைத் தபாலில் அனுப்பினால் லீக்கின் ஆள் துளைகளை அளந்து மதிப்பெண் போடுவார். எதிரணியின் முகத்தையே பார்க்காமல் சீசன் முடிந்துவிடும்!

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். போயர் போரில் தொடங்கி ஒலிம்பிக் வரை வந்த கட்டுரையில் டன்பிளேன் என்ற பெயரே இல்லை என்பதுதான் என் குறை. 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் அந்த ஊரில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவனிடமிருந்த கைத்துப்பாக்கிகள் எல்லாம் உரிமம் பெற்றவை, கிளப்புகளில் சுடுவதற்கென்று சொல்லி வாங்கியவை. 1991லேயே ஒரு போலீஸ் அதிகாரி அவன் உரிமத்தை ரத்து செய்யும்படி எழுதியும் மேலிடம் கேட்கவில்லை. அதற்கும் முன், 1987இல் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்ட் ஊரில் 16 பேரைக் கொன்றவனும் கிளப் உறுப்பினன்தான்.

டன்பிளேனுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டுத் தடை கேட்டார்கள். 1997இல் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் வந்தன. முதல் சட்டம் .22க்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது, ஆட்சி மாறிய பின் வந்த இரண்டாவது சட்டம் .22ஐயும் சேர்த்துக்கொண்டது. வட அயர்லாந்துக்கு மட்டும் இவை பொருந்தாது. சுமார் 1,62,000 துப்பாக்கிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. பிஸ்டலை மட்டுமே நம்பியிருந்த கிளப்புகள் கதவைச் சாத்தின. 2012இல் லண்டனில் ஒலிம்பிக் நடத்தியபோது பிஸ்டல் போட்டிகளுக்கென்று அரசு தனி விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது.

'எவனோ செய்ததற்கு எங்களுக்குத் தண்டனையா' என்று பழைய பிஸ்டல்காரர்கள் இன்றும் முனகுவார்கள். அவர்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் தடை சரி என்பதே என் கருத்து. வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்டலை வைத்திருக்கும் உரிமையை அந்தப் பள்ளியில் நடந்ததற்கு எதிரே வைத்து என்னால் எடைபோட முடியவில்லை. இதைச் சொன்னால் கிளப்பில் எனக்குத் தேநீர் கிடைக்காது, அது வேறு விஷயம்.

அங்கீகாரம் பெற்ற கிளப்புகளில் இன்று புதிதாகச் சேர்பவர் குறைந்தது மூன்று மாதம் தற்காலிக உறுப்பினராக இருந்தாக வேண்டும். உரிமம் வைத்திருப்பவர் ஓராண்டு சுட வரவில்லை என்றால் கிளப்பே போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பக்கத்துப் பாயில் படுத்துச் சுடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று கவனிப்பதும் எங்கள் வேலைதான். ஒரு கிளப்பின் வரலாற்றில் கோப்பைகளைவிட நான் முதலில் தேடுவது இதைத்தான்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த மாதம் வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் டன்பிளேனுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரெடிங், இங்கிலாந்து